இரண்டு பட்டுப் பனியன்கள்

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம்
8.9.2024

அன்பு மகள் ஏலவார்குழலிக்கு அப்பா பஞ்சாட்சரம் எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க ஏகாம்பரநாதர் துணை.

இது என் கையெழுத்துதான். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நம்பாவிட்டால் அம்மாவைக் கேள். காலைப் பலகாரம் முடிந்து உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள்.

தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் மாலையில் முதியோர் வகுப்பு நடக்கிறது. பதினேழு பெண்கள், நான் ஒருவன். ஜெயப்ரியா என்று ஒரு டீச்சர். உன் வயதுதான், ஆனால் அதட்டுகிறாள். போன வாரம் நெசவாளர் சங்கத்தில் நெய்த புடவையைக் கொடுத்தபோது வழக்கம் போல மை டப்பாவை நீட்டினார்கள். அதைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். என் பேரில் ஏழு எழுத்து, மூன்று புள்ளி. ஒரு புள்ளியும் விடவில்லை.

உன் விலாசம் இங்கிலீஷில் இருக்கிறது. வகுப்பில் இங்கிலீஷ் கிடையாது. அதனால் புடவை டிசைன் போடுகிற கட்டக் காகிதத்தில் டீச்சரிடம் அதை வரைந்து வாங்கிக்கொண்டேன். மயிலுக்குக் கட்டம் எண்ணுவது போல எண்ணி எண்ணிப் பழகினேன். நூறு தடவை எழுதியிருப்பேன். இப்போது கண்ணை மூடினாலும் வரும்.

ஒன்று புரியவில்லை. போனில் மழையில் சைக்கிளில் ஆபீஸ் போகிறேன் என்றாய். அதற்குள் அம்மா பிடுங்கிக்கொண்டாள். நீங்கள் கார் வாங்கிய படம் அனுப்பினீர்களே? இந்தத் தெருவிலேயே இன்னும் சைக்கிள் மிதிப்பவன் நான் ஒருவன்தான். நீ அவ்வளவு படித்து, விமானம் ஏறிப் போய், சைக்கிளா?

பதில் எழுது. பெரிய எழுத்தாக எழுது. கடிதத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

இப்படிக்கு
உன் அப்பா
பஞ்சாட்சரம்


ஐந்தோவன், நெதர்லாந்து
29.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அவரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

கவரைப் பார்த்ததும் அச்சடித்த விலாசம் என்று நினைத்தேன். எல்லா எழுத்தும் ஒரே உயரம், ஒரே அகலம். உள்ளே பிரித்த பிறகுதான் யார் என்று தெரிந்தது. கையில் இருந்த காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே மூன்று தடவை படித்தேன்.

இந்த ஊரில் எல்லோருக்கும் சைக்கிள்தான் அப்பா. என் மேலதிகாரி, பல் டாக்டர், எல்லோரும். கார் அவருக்கு வேண்டும், அவருடைய வேலை எதிர்ப்பக்கம். எனக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் இருபது நிமிடம். கால்வாய் ஓரமாக ஒரே நேர்பாதை. வாத்துகள் மட்டும் குறுக்கே வரும்.

மழைதான் தொல்லை. நம் ஊர் மழை போலக் கொட்டிவிட்டு ஓய்வதில்லை. பொடியாக, நாள் முழுக்க, முகத்துக்கு நேராக வருகிறது. குடை நிற்காது. முதல் வருடம் நான் புலம்பியபோது பக்கத்து சீட்டுப் பெண், “நீ என்ன சர்க்கரையா, கரைந்து போக?” என்றாள். இங்கே எல்லோரும் சொல்வது அது.

மழைக்கோட்டு போட்டால் உள்ளே வியர்த்து நனைகிறேன். போடாவிட்டால் மழையில் நனைகிறேன். எப்படியும் ஈரம்தான். நீங்கள் நாற்பது வருடம் எப்படி ஓட்டினீர்கள்? எழுதுங்கள் அப்பா. நேரம் எடுத்துக்கொண்டு நீளமாக எழுதுங்கள்.

அன்புடன்
குழலி


காஞ்சிபுரம்
21.10.2024

அன்பு மகள் குழலிக்கு அப்பா எழுதுவது.

முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கும், மழை வந்துவிட்டால் வலிக்காது. அம்மாவின் சர்க்கரை, அவள் சொல்கிறபடி, குறைவு. உன்னையும் மாப்பிள்ளையையும் தினம் நினைக்கிறோம்.

சர்க்கரையா கரைவதற்கு என்பதை வகுப்பில் சொன்னேன். பதினேழு பேரும் சிரித்தார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் நனையாமல் ஓட்டியதே இல்லை. புடவையைத்தான் நனையாமல் கொண்டு போனேன். நான் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். புடவை நனைந்தால் கரையின் அரக்குச் சாயம் புடவை உடலில் இறங்கிவிடும். அதனால் கேரியரில் வைக்க மாட்டேன். பழைய வேட்டியில் சுற்றி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொள்வேன். அதில் ஒன்று தெரிந்துகொண்டேன். போகும்போது குளிராது. புடவையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது பல் கிட்டும். பட்டுக்கு அவ்வளவு சூடு.

இன்னொன்று, தினசரித் தாள். நாலு தாளை மடித்து நெஞ்சோடு வைத்து மேலே சட்டையைப் போடு. காற்று உள்ளே வராது. நாற்பது வருடம் நான் பேப்பரை நெஞ்சில் கட்டத்தான் வாங்கினேன். இப்போது கட்டுவதற்கு முன்னால் படிக்கிறேன். அதனால் கிளம்ப நேரமாகிறது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஆபீசு போற பொண்ணுக்குப் பேப்பர் கட்டிக்கினு போன்னு எழுதுறீங்களா? சிரிக்கப் போறாங்க” என்கிறாள். சிரிக்கட்டும். குளிராமல் சிரிப்பு வாங்கினால் என்ன நஷ்டம்?

மாப்பிள்ளைக்கும் சொல். காரிலும் குளிரும்தானே.

இப்படிக்கு
அப்பா பஞ்சாட்சரம்


14.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? அம்மா இனிப்பைத் தொடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேப்பர் வேலை செய்கிறது அப்பா! ஆபீசில் கோட்டைக் கழற்றியதும் சரசரவென்று சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். நான் நெஞ்சிலிருந்து பேப்பரை எடுத்து விரித்து, உட்கார்ந்து படித்தேன். மறுநாள் இன்னொருவரும் கட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது ஆறரைக்கே கிளம்புகிறேன். இருட்டாக இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு பாலம் ஏற வேண்டும், மேலே போனதும் காற்று சைக்கிளோடு பக்கவாட்டில் தள்ளுகிறது. ஷூவுக்கு மேல் உறை போடுகிறேன், சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை, ஆபீஸ் மேசையில் மாற்றுக் காலுறை. எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். விரலுக்குத்தான் இல்லை. கையுறை நனைந்துவிட்டால் பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்றே தெரிவதில்லை.

இனிமேல் புது விலாசத்துக்கு எழுதுங்கள். தபால் அங்கே ஒழுங்காக வரும். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று விலாசம் அச்சடித்த சீட்டுகள் ஐந்து வைத்திருக்கிறேன். ஒட்டினால் போதும்.

அன்புடன்
குழலி


காஞ்சிபுரம்
8.12.2024

அன்பு மகள் குழலிக்கு அப்பா எழுதுவது.

புயல் மழை வந்து போனது. தறிக்குழியில் தண்ணீர் ஊறியது, இறைத்துவிட்டோம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி? மாப்பிள்ளை எப்படி?

குழலி, எனக்குப் படிக்க வருகிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உன் முதல் கடிதத்தில் ஆபீஸ் இருபது நிமிடம், ஒரே நேர்பாதை என்று படித்தேன். இரண்டாவதில் ஒரு மணி நேரம், இரண்டு பாலம் என்று படிக்கிறேன். அடிக்கோலை வரிக்கு அடியில் வைத்து மறுபடி படித்தேன். அதுவேதான் வருகிறது. வாத்து எங்கே போயிற்று? ஆபீஸ் நகராது. வீடும் நகராது, புது விலாசம் தபாலுக்குத்தானே. அப்படியென்றால் நான்தான் தப்பாகப் படிக்கிறேன்.

அதோடு “அவரும் நலம்” என்ற வரி இந்தக் கடிதத்தில் இல்லை. ஒரு வரியை விட்டுவிட்டேனோ என்று திருப்பிப் பார்த்தேன். தாளின் பின்பக்கமும் பார்த்தேன்.

அம்மாவைக் கேட்டேன். “வயசான கண்ணு. எத்தையாவது படிச்சிக்கினு மண்டைய ஒடச்சிக்காதீங்க” என்று உள்ளே போய்விட்டாள். வகுப்புக்கு எடுத்துப் போய் ஜெயப்ரியா டீச்சரைப் படிக்கச் சொன்னேன். இரண்டையும் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள். “நீங்க சரியாத்தான் படிக்கிறீங்க ஐயா” என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சந்தோஷம் போய்விட்டது. நான் சரியாகப் படித்தேன் என்றால் பாதை ஏன் நீண்டது?

அது இருக்கட்டும். உனக்கு ஒன்று செய்கிறேன். வெள்ளைப் பட்டில், ஜரிகை இல்லாமல் நாலு கஜம் நெய்தேன். கஞ்சி போகும்வரை மூன்று தடவை அலசினேன். டேனியல் தையற்கடைக்குக் கொண்டு போய்ப் பனியன் தைக்கச் சொன்னேன்.

“பட்டுல பனியனா? எந்த ஊரு ராஜாவுக்கு மாமா?”

“என் பொண்ணு மழையில சைக்கிள் ஓட்டுது. உள்ள போட்டுக்க.”

“மழைக்குப் பட்டா! ஊர்ல அவனவன் கல்யாணத்துக்கே யோசிக்கிறான். காஞ்சிபுரத்துக் கொழுப்புன்றது இதான்பா.”

திட்டிக்கொண்டே நன்றாகத் தைக்கிறான். இரண்டு சொல்லியிருக்கிறேன். உனக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று.

இப்படிக்கு
அப்பா பஞ்சாட்சரம்


காஞ்சிபுரம்
20.12.2024

அன்பு மகள் குழலிக்கு அப்பா எழுதுவது.

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மார்கழிப் பனி, அவ்வளவுதான்.

பார்சலை இன்று அனுப்பினேன். தபால் ஆபீசில் ஒரு பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், “குடுங்க பெரியவரே, நான் எழுதிக் குடுக்கிறேன்” என்று கை நீட்டினார். “வேணாம்பா, எழுதுவேன்” என்றேன். நீ அனுப்பிய சீட்டு சட்டைப்பையில் இருந்தது. கடிதத்துக்கு ஒட்டினேன். பார்சலுக்கு ஒட்ட மனசு வரவில்லை. எவ்வளவு பழகினேன்! பாரத்திலும் பெட்டியிலும் உன் விலாசத்தை என் கையால் எழுதினேன். எதையும் பார்க்கவில்லை. தறியில் கால் தானாக மிதிப்பது போல் கை தானாகப் போயிற்று. எனக்குப் பின்னால் வரிசை கதவு வரை நின்றது. கவுன்டரில் இருந்த பெண்மணி கோபித்துக்கொள்ளவில்லை. “இங்கிலீஷ் அழகா எழுதுறீங்களே, எங்க படிச்சீங்க?” என்று கேட்டார். கட்டத்தில் படித்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சின்ன அளவு உனக்கு. பெரிய அளவு மாப்பிள்ளைக்கு. மழைக்கோட்டுக்கு அடியில், உடம்பைத் தொட்டாற்போல் போட வேண்டும்.

அந்தப் பாதை விஷயம் இன்னும் புரியவில்லை.

இப்படிக்கு
அப்பா பஞ்சாட்சரம்


2.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு வணக்கம். நான் நலமே. எல்லோருடைய நலமும் வேண்டுகிறேன்.

பாதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய பாதையில் சாலை வேலை நடக்கிறது. சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் அப்பா. நீங்கள் சரியாகத்தான் படிக்கிறீர்கள்.

போன வாரம் பாலத்து இறக்கத்தில் ஈர இலைமேல் சக்கரம் வழுக்கி விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

பார்சல் அனுப்பிவிட்டதாக அம்மா போனில் சொன்னாள், இன்னும் வரவில்லை. எந்த விலாசத்துக்கு அனுப்பினீர்கள் என்று பார்த்து எழுதுங்கள். சீட்டைத்தானே ஒட்டினீர்கள்?

குழலி


ஐந்தோவன்
9.1.2025

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தாங்கள் அனுப்பிய பார்சல் என் வீட்டுக்கு வந்தது. பெயர் அவளுடையது என்றாலும் சுங்கத் தாளில் கையெழுத்திட வேண்டியிருந்ததால் பிரித்தேன். எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறீர்கள். அளவு சரியாக இருக்கிறது. நன்றி.

தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். நவம்பர் முதல் வாரத்திலிருந்து ஏலவார்குழலி இங்கு இல்லை. பக்கத்து ஊரில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். நான் போகச் சொல்லவில்லை. ஒரு நாளும் கை ஓங்கியதோ திட்டியதோ கிடையாது. அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

அவள் தங்கள் பேச்சைத் தட்ட மாட்டாள். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வந்துவிடுவாள். என் அப்பாவும் அதையே சொல்கிறார்.

அவளுக்கு உரியதை அவள் அலுவலகத்தில் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு
குமரகுரு


13.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கல் வாழ்த்து. நீங்களும் அம்மாவும் நலமா?

இன்று ஆபீஸ் வரவேற்பில் ஒரு பை இருந்தது. அவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சீட்டு எதுவும் இல்லை. உள்ளே உங்கள் பனியன். அப்படியென்றால் உங்களுக்கும் தெரிந்துவிட்டது, அல்லது இந்தக் கடிதத்துக்கு முன்னால் தெரிந்துவிடும்.

சாலை வேலை என்பது பொய். மன்னியுங்கள். பாதை நீளவில்லை அப்பா, வீடு மாறியது.

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருட டிசம்பரில் ஏதோ ஒரு சின்ன விஷயம், எது என்று கூட எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அன்று நிறுத்தியவர்தான். பதினோரு மாதம். ஒரே வீட்டில், ஒரே மேசையில், உப்பு எங்கே என்று கூடக் கேட்கவில்லை. போனில் உங்களோடும் நண்பர்களோடும் சிரித்துப் பேசுவார். போனை வைத்ததும் நான் அறையில் இல்லாதது போல ஆகிவிடுவார். கேட்டுப் பார்த்தேன், அழுது பார்த்தேன், எழுதி மேசையில் வைத்துப் பார்த்தேன். அந்தத் தாளின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். உங்கள் முதல் கடிதம் வந்த நாளில், ஒரு மனிதர் நேரம் செலவழித்து என்னிடம் ஏதோ சொல்கிறார் என்று நின்றுகொண்டே அழுதேன். பிறகு ஒரு மாதம் யோசித்தேன். பிறகு கிளம்பிவிட்டேன்.

அம்மாவுக்குத் தெரியும். அவளைக் கோபிக்காதீர்கள். போன வருடப் பொங்கலன்று போனில் உங்களிடம் ஜாடையாகச் சொன்னேன். “அனுசரிச்சுப் போம்மா, எல்லா வூட்லயும் இருக்கிறதுதான்” என்றீர்கள். அது பேச்சு, காற்றோடு போயிற்று என்று என்னால் நினைத்துக்கொள்ள முடிந்தது. எழுத்து அப்படி இல்லை. திரும்பிப் போ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அப்பா. உங்கள் கையெழுத்தில் அதைப் படித்தால் என்னால் தாங்க முடியாது, மீறவும் முடியாது.

பனியனை உடனே போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் மழை. வியர்த்தாலும் ஒட்டவில்லை. முதல் தடவையாகப் பாலத்தின் மேல் நடுங்கவில்லை.

குழலி


காஞ்சிபுரம்
2.2.2025

மாப்பிள்ளை குமரகுருவுக்கு மாமா பஞ்சாட்சரம் எழுதுவது.

நலம். உங்கள் நலமும் அப்படியே ஆகுக.

பார்சல் உங்களுக்கு வந்தது என் கையின் தப்பு. பனியன் தப்பில்லை. அது உங்களுக்கு என்றுதான் தைத்தது. போட்டுக்கொள்ளுங்கள்.

என்னை ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிறீர்கள். நீங்கள் பதினோரு மாதம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று குழலி எழுதியிருக்கிறாள். எனக்கு இது புரியவில்லை. நானும் அத்தையும் நாற்பத்தைந்து வருடம் சண்டை போட்டிருக்கிறோம். தெருவே கேட்கும். பேசாமல் இருந்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் இல்லை. அதனால் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்கிறேன். ஏன் பேசவில்லை? இதற்கு நீங்கள் பதில் எழுதுங்கள். அதைப் படித்த பிறகு குழலிக்கு எழுதுகிறேன். அதுவரை அவளுக்கு எதுவும் எழுத மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் படித்துவிட்டு எழுதுவது நியாயம் இல்லை.

இப்படிக்கு
பஞ்சாட்சரம்


14.2.2025

அப்பா,

நலமா? ஒரு மாதம் ஆகிவிட்டது. அம்மாவிடம் கேட்டால் “எழுதுவாரும்மா” என்கிறாள். நீங்கள் போனுக்கும் வரவில்லை.

தபால் தாமதமாக இருக்கலாம். தினமும் நனைந்து வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் கீழே தபால் பெட்டியைத்தான் முதலில் பார்க்கிறேன். நீங்கள் கோபமாக இருந்தால் கோபம் என்றாவது எழுதுங்கள்.

குழலி


காஞ்சிபுரம்
2.3.2025

அன்பு மகள் குழலிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். உன் மாமனார் வீரபாகுவும் சுகமாக என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஓரிக்கையிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். இந்தக் கடிதத்தை அவர் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

“சம்பந்தி, எழுதத்தான் கத்துக்கினீங்களே. ரெண்டு வரி எழுதுங்க. ‘புருசன் வூட்டுக்குப் போய்ச் சேரும்மா’ன்னு. உங்க எழுத்துன்னா பொண்ணு தட்டாது” என்றார்.

“எழுதுறேன்” என்றேன்.

“அப்புறம் இப்புறம் வேணாம். இப்பவே எழுதுங்க. நான் இருக்கும்போதே எழுதிடுங்க.”

சரி என்று பேனாவை எடுத்தேன். நான் எழுதும் வேகம் உனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இரண்டாவது காபி குடிக்கிறார். “இன்னாப்பா, ராமாயணமா எழுதுறீங்க?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டார். அம்மா மூன்றாவது காபி கலக்கிறாள். அவள் முகத்தில் எழுதியிருப்பதையும் நான் இப்போது படிக்கிறேன்.

அவள்மேல் கோபித்தேன், ஒரு நாள். “எனக்கு ஏன் சொல்லல?” என்றேன். “சொல்லியிருந்தா நீங்க இன்னா சொல்லியிருப்பீங்க? சொல்லுங்க பார்ப்போம்” என்றாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவளுக்கே தெரியும்.

குழலி, உன் பெரிய கடிதம் வந்தபோது எனக்குப் புரியவில்லை என்பதை உண்மையாக எழுதுகிறேன். அடி இல்லை, ஏச்சு இல்லை, பேச்சு இல்லை என்றால் என்ன? பேசாவிட்டால் ஒரு ஆளுக்கு என்ன ஆகிவிடும்? அப்படித்தான் நினைத்தேன். அதனால் மாப்பிள்ளைக்கு எழுதினேன். ஏன் பேசவில்லை என்று ஒரே கேள்வி. நாலு நாள் எழுதிய கடிதம் அது.

பதில் வரும் என்று இருந்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து தபால்காரர் சைக்கிள் மணிக்குத் தறியை நிறுத்தினேன். அவர் தாண்டிப் போனார். என் எழுத்து புரியவில்லையோ, தப்பாக எழுதிவிட்டேனோ, மரியாதை குறைந்ததோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நெய்ததில் இரண்டு இடத்தில் கரை பிசகிற்று, பிரித்தேன். இன்று பதிலுக்குப் பதிலாக இவர் வந்திருக்கிறார். கடிதம் வந்ததாம். மாப்பிள்ளை படித்தாராம். “அவன் அதுக்கெல்லாம் பதில் போட மாட்டான் சம்பந்தி, அவன் சுபாவம் அது” என்கிறார்.

இருபத்தெட்டு நாள், குழலி. என்னால் அவ்வளவுதான் முடிந்தது. எனக்கு மனைவி இருக்கிறாள், தறி இருக்கிறது, வகுப்பு இருக்கிறது. நீ பதினோரு மாதம் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாய்.

நேற்று உன் சின்னக் கடிதம் வந்தது. தபால் பெட்டியை முதலில் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் அடிக்கோல் கையிலிருந்து விழுந்துவிட்டது. நியாயம் பார்க்கிறேன் என்று நானும் உனக்கு அதையே செய்திருக்கிறேன். அனுசரித்துப் போ என்று சொன்னதும் நான்தான். அதைச் சொன்னபோது என் வாய் வேகமாக இருந்தது. இப்போது மெதுவாக எழுதுகிறேன். நான் சொன்னது தப்பு.

திரும்பிப் போக வேண்டாம்.

இந்த வரியை அடிக்கோல் வைத்து, தனி வரியாக எழுதியிருக்கிறேன். நீ அங்கேயே உன் அறையில் இரு. யாராவது போன் செய்து அப்பா சொன்னார் என்று எதையாவது சொன்னால், அப்பா எழுதித் தருவார், கேட்டு வாங்கி அனுப்புங்கள் என்று சொல்.

கையுறை இரண்டு ஜோடி வாங்கு. ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வயிற்றோடு வைத்துக்கொள். முதல் பாலம் தாண்டியதும் நின்று மாற்றிக்கொள். நனைந்ததை மறுபடி போடாதே. பிரேக்கை ஈர இலை வருவதற்கு முன்னாலேயே பிடி, இலைமேல் பிடிக்காதே. விழுந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் அவள் இதையும் கண்டுபிடிப்பாள். ஒரே ஒரு பனியன் இருந்தால் அலசிய நாளில் எதைப் போடுவாய் என்று நான் யோசிக்கவே இல்லை. டேனியலிடம் இன்னும் இரண்டு கொடுத்திருக்கிறேன். இரண்டும் உன் அளவு. பங்குனி வந்தாலும் உங்கள் ஊரில் மழை விடாது என்று டீச்சர் போனில் பார்த்துச் சொன்னாள்.

சம்பந்தி, “முடிஞ்சுதா?” என்கிறார். முடிந்துவிட்டது. உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. அப்படியே அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லி, வாங்கிக்கொண்டு போய் நானே தபாலில் போடுவேன். எழுதத்தான் எனக்கு இவ்வளவு நேரம் ஆயிற்று. அவர் படித்தவர், சீக்கிரம் படித்துவிடுவார்.

இப்படிக்கு
உன் அப்பா
பஞ்சாட்சரம்